பாரதக் கூத்து: விடிய விடியக் கண்டு களிப்பது எப்படி?

பாரதக் கூத்து என்பது வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களின்போது மகாபாரதக் கதையை இரவு முழுவதும் பாடியும் ஆடியும் நடித்துக் காட்டும் கலையாகும். தெருக்கூத்து, கட்டைக்கூத்து என்ற பெயர்களும் இதற்கு வழங்குகின்றன. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர், ராணிப்பேட்டை, வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் சிற்றூர்களில் இது இன்றும் ஆடப்படுகிறது. தாமல், உத்திரமேரூர், வாலாஜாபாத், செய்யாறு, வந்தவாசி எனக் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள பகுதி, பழைய தொண்டை மண்டலத்தில் கூத்து வேரூன்றிய பகுதிகளுள் ஒன்று.

கூத்தைப் பற்றிப் பாடநூலில் ஒரு பத்தி படித்துவிட்டு, ஒரு நாள் நேரில் போய் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு, "ஒரே சத்தம், ஒன்றும் புரியவில்லை" என்று திரும்பிவிடும் மாணவர்கள் பலர். அவர்கள் மேல் குற்றமில்லை. கூத்து, விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பவர்களுக்காகவே அமைக்கப்பட்ட கலை. அதன் பாட்டும் ஆட்டமும் வேடமும் நகைச்சுவையும் இரவின் எந்தப் பொழுதில் வருகின்றன, ஏன் அப்படி வருகின்றன என்று தெரிந்துகொண்டால், அந்த இரவு வேறுவிதமாக இருக்கும். அதற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர்

தெருவில் ஆடப்படுவதால் தெருக்கூத்து என்பது பொதுவழக்கு. கட்டைக்கூத்து என்ற பெயர் வேடத்தை ஒட்டி வந்தது. அரசர், வீரர் வேடமிடுபவர்கள் தலையில் கிரீடமும், தோளில் புஜக்கட்டையும், மார்பில் பதக்கமும் அணிவார்கள். இவை எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணத் தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டிச் செய்யப்படுபவை. இவற்றுக்குக் 'கட்டை' என்று பெயர். கட்டை கட்டி ஆடுவது கட்டைக்கூத்து. தெருவோடு சேர்த்துச் சொல்வது கலையைத் தாழ்த்துவதுபோல் இருக்கிறது என்று கருதும் கலைஞர்கள் கட்டைக்கூத்து என்ற பெயரையே விரும்புகிறார்கள். தெருக்கூத்து என்ற பெயரைப் பெருமையோடு வைத்துக்கொண்டிருக்கும் குழுக்களும் உண்டு. ஊர்மக்கள் பெரும்பாலும் 'கூத்து' என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள்.

காஞ்சியும் பாரதமும்

பாரதக் கதையை ஊர்ப் பொதுவில் சொல்லும் வழக்கம் இப்பகுதியில் மிகப் பழையது. காஞ்சிபுரத்தை அடுத்த கூரம், கூரத்தாழ்வான் பிறந்த ஊர். அங்கே கிடைத்த செப்பேடு 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனுடையது. அவ்வூர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்காக நிவந்தம் விடப்பட்ட செய்தி அதில் உள்ளது. அதாவது, சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன்பே இந்த வட்டாரத்தில் பாரதம் கேட்க மக்கள் கூடியிருக்கிறார்கள். இன்றைய கூத்து அப்போதே இருந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. கேட்கும் பழக்கம் இருந்தது என்பதே பொருள்.

இன்று விழாக்களில் விரித்துரைக்கப்படும் நூல் பெரும்பாலும் வில்லிபுத்தூராரின் பாரதம். பத்துப் பருவங்களும் நான்காயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களும் கொண்ட நூல் அது. வடமொழிப் பாரதத்தில் 18 பருவங்கள் இருக்க, வில்லியார் போர் முடிவோடு நிறுத்திவிட்டார். ஊர்த் திருவிழாவும் போர் முடிவோடுதான் நிறைவு பெறுகிறது என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் கூத்தின் கதை வில்லிபாரதம் மட்டும் அல்ல. வாய்வழியாக வந்த கிளைக்கதைகளும், நூலில் இல்லாத பாத்திரங்களும் அதில் ஏராளம்.

விழாவின் அமைப்பு

காஞ்சிபுரம் பக்கத்துச் சுவரொட்டிகளில் 'மகாபாரத அக்னி வசந்த விழா' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். திரௌபதி அம்மன் கோயில் அல்லது தருமராசர் கோயில் உள்ள ஊர்களில், பெரும்பாலும் பங்குனி முதல் ஆடி வரையிலான மாதங்களில் இவ்விழா நடக்கும். அறுவடை முடிந்து நிலம் காய்ந்து கிடக்கும் காலம் அது. மழைத் தொல்லை இல்லை. பெரிய திறந்தவெளியும் கிடைக்கும். ஊரின் வசதிக்கேற்பப் பத்து நாளிலிருந்து இருபது நாளுக்கு மேலும் விழா நீளும்.

விழா நாளில் மூன்று அடுக்குகள் உண்டு.

முதலாவது, பிற்பகலில் நடக்கும் பாரதச் சொற்பொழிவு. சொற்பொழிவாளர் செய்யுளைப் பாடி, பொருள் விரித்து, நடுநடுவே ஊர்க்கதை கலந்து சொல்லுவார்.

இரண்டாவது, இரவுக் கூத்து. பிற்பகலில் காதால் கேட்ட கதையை இரவில் கண்ணால் பார்க்கலாம். விழா தொடங்கிய சில நாட்கள் கழித்தே பல ஊர்களில் கூத்துத் தொடங்கும்.

மூன்றாவது, சடங்கு. கதையின் முக்கியமான கட்டங்கள் ஊரின் நிலத்திலேயே நிகழ்த்தப்படும். அர்ச்சுனன் தபசு அன்று, உயரமாக நட்ட பனைமரத்தில் அர்ச்சுனன் வேடமிட்டவர் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழத்தையும் விபூதியையும் பெற மக்கள் கீழே காத்திருப்பார்கள்; குழந்தை வரம் வேண்டும் பெண்கள் ஈரச்சேலையோடு முன்வரிசையில் இருப்பார்கள். நிறைவு நாளில் துரியோதனன் படுகளம். மண்ணால் செய்த மிகப் பெரிய துரியோதனன் உருவம் தரையில் படுத்திருக்கும். பீமன் வேடமிட்டவர் அதன் தொடையில் அடிக்க, திரௌபதி சபதம் முடித்துக் கூந்தலை முடிவாள். அன்று மாலை தீமிதி. வெளியூரில் வேலை பார்ப்பவர்களும் வந்து சேர வேண்டும் என்பதால், படுகளமும் தீமிதியும் ஞாயிற்றுக்கிழமையில் அமையுமாறு பல ஊர்களில் நாள் குறிக்கிறார்கள். சென்னையில் இருப்பவர்கள் சனிக்கிழமை மாலை பேருந்து ஏறினால் அன்றிரவுக் கூத்தையும் மறுநாள் படுகளத்தையும் தீமிதியையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

வழக்கமாக ஆடப்படும் கூத்துகள்: வில் வளைப்பு, சுபத்திரை திருமணம், இராசசூய யாகம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, விராட பருவம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர்.

ஓர் இரவின் போக்கு

ஒரு குழுவில் நடிகர்களும் இசைக்கலைஞர்களுமாகப் பதினைந்து பேர் அளவில் இருப்பார்கள். இரவு பத்து மணி வாக்கில் தொடங்கும் கூத்து பொழுது விடியும்போது முடியும். எட்டு மணி நேரம் ஒரே கதையா என்று மலைக்க வேண்டாம். அந்த நேரம் பல கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது.

முதலில் களரி கட்டுதல். ஆட்டக்களத்துக்குக் களரி என்று பெயர். அதன் பின்பகுதியில் இருக்கும் பலகையில் இசைக்கலைஞர்கள் அமர்ந்து வெறும் வாத்தியத்தை முழக்குவார்கள். கூத்து தொடங்கப்போகிறது என்று ஊருக்கு அறிவிக்கும் இசை இது. வீட்டு வேலை முடித்து, பாய் சுருட்டிக்கொண்டு மக்கள் வந்து சேர்வார்கள். இதைத் 'தொடங்காமல் இழுக்கிறார்கள்' என்று எண்ணாமல் கேளுங்கள். அன்றைய மத்தளக்காரரின் கைத்திறன் இங்கேதான் தனியாகத் தெரியும்.

பிறகு கடவுள் வாழ்த்து. அதன்பின் கட்டியக்காரன் வருகை. கட்டியக்காரன் கூத்தின் அச்சாணி. அரசனுக்குச் சேவகன், கதைக்கு அறிவிப்பாளன், மக்களுக்குக் கோமாளி, சில சமயம் ஊருக்கு மனசாட்சி. அரசவையில் நின்றுகொண்டே ரேஷன் கடை வரிசையைப் பற்றியும் ஏரி வரத்துக்கால்வாய் தூர்ந்துபோனதைப் பற்றியும் பேச அவனுக்கு உரிமை உண்டு. புராணகாலத்தையும் இன்றைய காலத்தையும் ஒட்டும் பசை அவன்தான்.

அடுத்தது திரைப் பிரவேசம். முதல்முறை பார்ப்பவர்கள் தவறவிடக் கூடாத காட்சி இது. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பின்னால் நின்று நடிகர் உச்சக்குரலில் விருத்தம் பாடுவார். குரல் மட்டும் கேட்கும். கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். சலங்கை ஒலிக்கும். பிறகு திரை சற்று இறங்கும், முகம் தெரியும், மறுபடி மறையும். கடைசியில் திரை விலகும்போது, அதுவரை தேக்கி வைத்த வேகத்தோடு நடிகர் களரியைச் சுற்றிச் சுழல்வார். இப்படிச் சுழல்வதைக் 'கிறிக்கி' என்பார்கள். கட்டைகளின் சுமையோடு நிலை தடுமாறாமல் வட்டமாகச் சுழன்று, தாளத்தின் கடைசி அடியில் சட்டென்று நிற்க வேண்டும். நடிகரின் பயிற்சியை அறிய இதைவிடச் சிறந்த தேர்வு இல்லை.

முக்கியப் பாத்திரங்கள் ஒவ்வொருவராக இப்படி அறிமுகமாகி, கட்டியக்காரனின் கேள்விகளுக்கு விடையாகத் தம் பெயர், குலம், நாடு ஆகியவற்றைப் பாட்டாகவும் வசனமாகவும் சொல்வார்கள். நள்ளிரவு தாண்டிவிடும். கதை மெதுவாகத்தான் நகரும். அதன்பின் வாக்குவாதம் சூடு பிடிக்கும். கூத்தின் உச்சம் பெரும்பாலும் பின்னிரவு மூன்று மணிக்கு மேல்தான் வரும். பகடை துகிலில் திரௌபதியின் முறையீடு, கர்ண மோட்சத்தில் போருக்குப் புறப்படும் கர்ணனுக்கும் மனைவி பொன்னுருவிக்கும் இடையிலான வாதம் போன்ற கட்டங்கள் எல்லாம் இந்நேரத்துக்கு உரியவை. தூக்கமும் விழிப்புமாக மனம் இளகியிருக்கும் அந்த வேளையில் அழுகைப் பாட்டு எளிதில் உள்ளே இறங்கும். அரைமணி நேரம் பார்த்துவிட்டுப் போகிறவருக்குக் கிடைக்காமல் போவது இதுதான்.

பகடை துகிலில் இன்னொன்றையும் கவனிக்கலாம். துச்சாதனன் வேடமிட்டவர் திரௌபதியின் சேலையைத் தொடுவதற்கு முன், பல இடங்களில் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். எதிரே நிற்பவர் சக நடிகர்தான். ஆனாலும் அந்தக் கணத்தில் அவர் அம்மன். நாடகமும் வழிபாடும் சேர்ந்து நிற்கும் இடம் அது.

இசையைக் கேட்கும் முறை

கூத்தின் வாத்தியங்கள் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை, தாளம் ஆகியவை. மிருதங்கத்தையும் டோலக்கையும் பல குழுக்களில் ஒருவரே மாற்றி மாற்றி வாசிப்பார். மெல்லிய நடைக்கு ஒன்று, வேகமான அடிக்கு ஒன்று. முகவீணை, பெயரில் வீணை இருந்தாலும் நரம்புக் கருவி அன்று. நாகசுரத்தைவிடச் சிறியது, சீவாளி வைத்து ஊதுவது, கூர்மையான ஒலி உடையது. நடிகரின் குரலை நிழல்போல் தொடர்ந்து சென்று, அவர் மூச்சு வாங்கும் இடைவெளியை நிரப்பும். இதை வாசிப்பவர்கள் இன்று குறைந்துவிட்டார்கள். நீங்கள் பார்க்கும் குழுவில் முகவீணை இருந்தால், ஒரு பாட்டு முழுவதும் அதை மட்டும் காதால் பின்தொடர்ந்து பாருங்கள்.

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் திறந்தவெளியில் கடைசி வரிசை வரைக்கும் கேட்க வேண்டியிருந்ததால் கூத்துப் பாட்டு உச்சஸ்தாயியில் வளர்ந்தது. கச்சேரிக் குரலோடு இதை ஒப்பிட்டு 'கத்துகிறார்கள்' என்று சொல்வது பொருந்தாது. வயல்வெளியில் கூப்பிடும் குரலின் நீட்சி இது. கர்நாடக இசையில் உள்ள மோகனம், முகாரி போன்ற இராகப் பெயர்கள் கூத்திலும் உண்டு. பாடும் முறைதான் வேறு. நடிகர் ஓர் அடியைப் பாடினால், பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அவர்கள் பாடும் நேரத்தில் நடிகர் ஆடுவார். ஆகவே முதல் தடவை சொற்கள் புரியாவிட்டால் கவலை வேண்டாம். அதே அடி மறுபடி வரும். இரண்டாம் தடவைக்குக் காதைத் தீட்டிக்கொண்டால் போதும். பாட்டு முடிந்ததும் வசனம் அதே பொருளை எளிய பேச்சில் சொல்லும். ஆக, ஒரே செய்தி மூன்று முறை நம்மிடம் வருகிறது. நல்ல ஆசிரியர் பாடம் நடத்தும் முறையும் இதுதான்.

ஒரு தூரத்து உறவு

இப்படி வாரக் கடைசியில் ஊர் கூடி இரவெல்லாம் இசையில் திளைக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 'கேஜன்' என்றழைக்கப்படும் மக்கள் இருக்கிறார்கள். இன்று கனடாவில் உள்ள நோவா ஸ்கோஷியா பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சு மொழிக் குடியானவர்களின் வழிவந்தவர்கள். 1755 முதல் ஆங்கிலேயர் அவர்களை அங்கிருந்து வெளியேற்ற, பலர் லூசியானாவில் குடியேறினார்கள். பிடில், அக்கார்டியன், முக்கோண வடிவ இரும்புக் கம்பி ஆகியவற்றோடு அவர்கள் பாடுவது கேஜன் இசை. சனிக்கிழமை இரவு வீட்டிலோ மண்டபத்திலோ கூடி ஆடுவது அவர்கள் வழக்கம். அந்த ஆட்ட இரவுக்கு 'ஃபே தோ தோ' என்று பெயர். குழந்தையைத் தூங்கவைக்கப் பிரெஞ்சில் சொல்லும் சொல் அது. பெற்றோர் பிள்ளைகளைப் பக்கத்து அறையில் தூங்கவைத்துவிட்டு ஆடப் போவார்களாம். நம் கூத்துக் களரியைச் சுற்றிப் பாயில் உறங்கும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டால் உறவு புரியும்.

வாத்தியத்திலும் ஓர் உறவு உண்டு. அவர்களுடைய அக்கார்டியனும் நம் ஆர்மோனியமும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை. ஒரு முனை மட்டும் பொருத்தப்பட்ட மெல்லிய உலோக நாக்கின் மேல் துருத்திக் காற்று படும்போது அது அதிர்ந்து ஒலி எழுப்புகிறது. அக்கார்டியன் 1829இல் வியன்னாவிலும், ஆர்மோனியம் 1842இல் பாரிசிலும் காப்புரிமை பெற்றன. கையால் துருத்தி இயக்கித் தரையில் அமர்ந்து வாசிக்கும் இந்திய ஆர்மோனியம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் உருவானது. அந்த ஐரோப்பியக் கருவி ஒரு பக்கம் லூசியானாவின் ஆட்ட மண்டபத்துக்கும், இன்னொரு பக்கம் நம் கூத்துக் களரிக்கும் வந்து சேர்ந்து, இரண்டு இடத்திலும் ஊர்க்கருவியாகவே மாறிவிட்டது.

வேறுபாடும் உண்டு. கேஜன் விழாவில் பார்க்க வந்தவர்களே இணை சேர்ந்து ஆடுகிறார்கள். கூத்தில் ஆடுபவர் களரியில் இருக்கிறார். நாம் சுற்றி அமர்ந்திருக்கிறோம். ஆனால் தபசு மரத்தின் கீழே கையேந்தி நிற்கும்போதும், படுகளத்தில் பீமன் பின்னால் ஓடும்போதும் நாமும் கதைக்குள் இருப்பவர்களாகிறோம்.

அவர்கள் வரலாற்றில் நமக்கு ஒரு பாடமும் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பள்ளிகளில் பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். கேஜன் இசை படிக்காதவர்களின் இசை என்று அவர்களே வெட்கப்பட்ட காலமும் இருந்தது. 1964இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழாவில் டூவி பால்ஃபா முதலியோர் பாடியபோது கிடைத்த வரவேற்பும், 1974இல் லாஃபயெட் நகரில் நடந்த கேஜன் இசைவிழாவும் அந்த நிலையை மாற்ற உதவின. அந்த விழா வளர்ந்து இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. உட்கார்ந்து கேட்கவும் எழுந்து ஆடவும் உள்ளூரில் கூட்டம் இருந்ததால்தான் அந்த இசை நிலைத்தது.

இன்றைய நிலை

நம் பக்கமும் முயற்சிகள் நடந்துள்ளன. செய்யாறு வட்டத்தில் உள்ள புரிசை, தலைமுறை தலைமுறையாகக் கூத்து ஆடும் குடும்பத்தின் ஊர். அங்கிருந்து வந்த கண்ணப்பத் தம்பிரான் சென்னை நாடகக்காரர்களுக்குக் கூத்தைக் கற்பித்தார். 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி, அவருடைய கூத்தைக் கண்டே நவீன நாடகத்துக்கு ஒரு வழி இருக்கிறது என்று உணர்ந்தவர். கண்ணப்பத் தம்பிரான் நினைவாகப் புரிசையில் நடத்தப்படும் நாடக விழாவில் கூத்தும் நவீன நாடகமும் ஒரே களத்தில் இடம்பெறுகின்றன.

கூத்துக்கலைஞர் பெ. ராஜகோபாலும், நெதர்லாந்திலிருந்து ஆய்வுக்காக வந்த அன்னெ டி புருயினும் பிற கலைஞர்களோடு சேர்ந்து 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தை அமைத்தார்கள். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் அவர்கள் நடத்திய குருகுலத்தில் பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்பிக்கப்பட்டது. ஆண்களே பெண் வேடமும் இட்டுவந்த கலையில் சிறுமிகளுக்கும் பயிற்சி தந்தது அதன் தனிச்சிறப்பு. அங்கே பயின்ற பெண்கள் இன்று துரியோதனனாகவும் கர்ணனாகவும் கட்டை கட்டி ஆடுகிறார்கள். குருகுலம் 2020இல் மூடப்பட்டது. 2017இல் டி. எம். கிருஷ்ணா, சங்கீதா சிவகுமார் ஆகியோர் ராஜகோபால் குழுவினரோடு சேர்ந்து, கர்நாடக இசையும் கட்டைக்கூத்தும் ஒரே மேடையில் அமைந்த நிகழ்ச்சியை வழங்கினார்கள்.

இவையெல்லாம் நல்ல செய்திகள். ஆயினும் கவலைப்பட ஒன்று இருக்கிறது. நகர மேடைக்கு வரும்போது கூத்து ஒரு மணி நேரமாகவோ இரண்டு மணி நேரமாகவோ குறைகிறது. கிறிக்கியும் சண்டையும் இருக்கும். பின்னிரவு அழுகைப் பாட்டு போய்விடும். ஊரிலும் பல இடங்களில் நள்ளிரவு தாண்டினால் கூட்டம் கலைந்துவிடுகிறது. விழாக் குழுவினரிடம், பாட்டுக் கச்சேரி வைத்தால் இளைஞர்கள் வருவார்களே என்ற எண்ணம் இருக்கிறது. பார்க்க ஆளில்லாத பாட்டை எந்த நடிகரும் முழுமையாகப் பாட மாட்டார். பாடாத பாட்டு அடுத்த தலைமுறைக்குப் போகாது. கூத்துப் பாட்டின் பெரும்பகுதி கலைஞர்களின் நினைவிலேயே இருக்கிறது. ஆகவே மூன்று மணிக்கு யாரும் விழித்திருக்காத ஊரில், மூன்று மணிப் பாட்டுதான் முதலில் அழியும்.

நான் ஆசிரியராக இருந்த நாட்களில், விழாக் காலத்தில் முதல் பாடவேளையிலேயே தூங்கி விழும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களை எழுப்பிக் கதையைக் கேட்டால், கர்ணன் யார், குந்தி என்ன கேட்டாள், அவன் ஏன் கொடுத்தான் என்று மூச்சுவிடாமல் சொல்லுவார்கள். செய்யுள் பகுதியில் நான் நடத்த வேண்டியதில் பாதியை அவர்களே நடத்தி முடித்துவிடுவார்கள்.

முதல்முறை செல்பவர்களுக்கு

கதையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு செல்லுங்கள். கூத்தில் 'அடுத்து என்ன' என்ற ஆவலுக்கு வேலை இல்லை. 'எப்படிச் சொல்லப் போகிறார்கள்' என்பதே சுவை. முடிந்தால் பிற்பகல் சொற்பொழிவையும் கேளுங்கள்.

முதல் கூத்தாகப் பகடை துகில், கர்ண மோட்சம் ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கதை பலருக்கும் தெரியும். வாதமும் பாட்டும் நிறைந்தவை.

பாயும் போர்வையும் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். கோடையிலும் விடியலில் திறந்தவெளியில் குளிர் தெரியும். தேநீர்க் கடை ஒன்றாவது பக்கத்தில் இருக்கும்.

தூக்கம் வந்தால் தூங்குங்கள். அங்கே அது மரியாதைக் குறைவு அன்று. திரைப் பிரவேசம் முடிந்தபின் சற்றே கண்ணயர்ந்து, பின்னிரவில் எழுந்துகொள்ளலாம். பக்கத்தில் இருக்கும் பாட்டியிடம் "மூணு மணிக்கு எழுப்பி விடுங்க ஆயா" என்று சொல்லி வைத்தால் தவறாமல் எழுப்பிவிடுவார்.

பக்கத்தில் இருக்கும் முதியவர்களிடம் கேளுங்கள். எந்தக் குழுவின் துரியோதனன் நன்றாக இருப்பார், எந்தப் பாட்டு எந்த ஊரில் எப்படிப் பாடப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியும். கூத்தின் தேர்ந்த விமர்சகர்கள் அவர்களே.

ஆட்டத்தின்போது கைப்பேசி விளக்கை நடிகர் முகத்தில் அடிக்காதீர்கள். கிறிக்கி சுற்றும் நடிகரின் கண் கூசினால் தடுமாறி விழ நேரும். ஒப்பனை செய்யும் இடத்துக்குக் கேட்காமல் நுழையக் கூடாது. படுகளத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள்.

ஒரு பாட்டு பிடித்திருந்தால் அன்பளிப்புக் கொடுக்கும் வழக்கம் உண்டு. தொகை சிறியதாக இருந்தாலும், கொடுத்தவர் பெயரையும் ஊரையும் களரியில் அறிவிப்பார்கள். வெளியூர்ப் பெயர் ஒன்று அப்படி அறிவிக்கப்பட்டால், கலைஞர்களுக்குப் பணத்தைவிடப் பெரிய மகிழ்ச்சி அது.

நிறைவாக

திரௌபதி வழிபாடும் தீமிதியும் தமிழர்களோடு கடல் கடந்து இலங்கையின் உடப்பு, சிங்கப்பூர், ரீயூனியன், பிஜி வரை சென்றிருக்கின்றன. ஆனால் பிற்பகலில் சொற்பொழிவு, இரவெல்லாம் கூத்து, விடிந்ததும் படுகளம் என முழு வரிசையையும் ஒரே ஊரில் காண்பதற்குத் தொண்டை மண்டலத்துக் கிராமங்களே சிறந்த இடம். காஞ்சிபுரம் மாவட்டத்து மாணவர்களுக்கு அது ஒரு நகரப் பேருந்துத் தொலைவில் இருக்கிறது. வரும் கோடையில் சுவரொட்டியில் 'அக்னி வசந்த விழா' என்று கண்டால், அன்றைய கூத்தின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஓர் இரவு, விடியும் வரை இருந்து பாருங்கள். களரியில் கடைசிப் பாட்டைப் பாடுபவருக்கு, எதிரே விழித்திருக்கும் ஒரு முகம் கூடுதலாகக் கிடைக்கும்.